படத்துக்கு வைத்த பூ

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாகிவிட்டது. முதல் நாளே அரிசி மூட்டையில் வண்டு. சத்துணவு அமைப்பாளர் என்று பேர்தான் பெரிது. சமையல்காரி பச்சையம்மா ஒரு பக்கம் புடைக்க, நான் ஒரு பக்கம் பொறுக்க, உலை வைக்கவே பத்து மணி ஆகிவிட்டது.

அந்த எரிச்சலோடு வீட்டுக்குத் திரும்பினால் பஸ் ஸ்டாப்பில் என் பெண் இருபது அடி உயரத்துக்கு நிற்கிறாள். பேனர். ‘ஆப்பிரிக்காவை அதிரவைக்கும் எங்கள் குலவிளக்கே!’ முகம் மட்டும் வினோதினியுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஓர் ஆம்பளை. அந்தப் புஜம் என் பெண்ணின் இடுப்பு கனம் இருக்கிறது. கையில் பெரிய துப்பாக்கி, பின்னால் வெடித்துச் சிதறுகிற கட்டடம், பக்கத்தில் ஒரு சிங்கம். மூலையில், சிங்கத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக, கும்பிட்டபடி முனிரத்தினம் மாமா. என் வீட்டுக்காரரின் அண்ணன்.

இதே மாமாதான் ஐந்து வருஷத்துக்கு முன்னால், வினோ விடிகாலையில் கிரவுண்டில் ஓடப் போனபோது, அரை டிராயரோடு பெண்பிள்ளை ஓடினால் குடும்ப மானம் என்னாவது என்று வாசலில் நின்று கத்தியவர். ஒரு மாதம் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இப்போது குலவிளக்காம்.

வினோ ராணுவப் போலீஸில் இருக்கிறாள். ஏழு மாதமாக ஐ.நா. அமைதிப்படையோடு காங்கோவில். அங்கே அவள் யாரையும் அதிரவைக்கவில்லை. ரோந்து வண்டியில் கிராமங்களுக்குப் போய், மொழி தெரிந்த ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்குள்ள பெண்களிடம் பேசுகிறாள். யாருக்குப் பயந்து சந்தைக்குப் போகாமல் இருக்கிறார்கள், விறகு பொறுக்க எந்த வழியாகப் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் வேலை. மிச்ச நேரமெல்லாம் மழையும் சேறும் என்பாள். இதை மாமாவிடம் சொன்னேன். அதையெல்லாம் பேனரில் போட முடியாது என்றுவிட்டார்.

ஜூன் 12, புதன்

ஆம்பூரிலிருந்து ராஜேஸ்வரியம்மா வந்து போனார்கள். மகன் ஹேமநாதன் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஜாதகம் பொருந்திவிட்டது. பையன் அதிர்ந்து பேசாதவன், பார்க்கவும் லட்சணம்.

அந்த அம்மாவுக்கு மிலிட்டரிக்காரப் பெண் மருமகளாக வருவதில் அப்படி ஒரு பெருமை. தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாராம். வினோ சீருடையில் இருக்கிற படத்தைக் கேட்டு வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொண்டார். அதே மூச்சில், கல்யாணம் ஆனதும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடட்டும் என்றார். வடை நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. சண்டை நடக்கிற தேசத்துக்குத்தான் பெண் போக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

பெண்ணுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார். சம்மதம்தான் என்றேன். சொன்னால் ஒத்துக்கொள்ளப் போகிறவள்தானே. இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 13, வியாழன்

வினோ பேசினாள். லைன் சரியில்லை. அரை மணி நேரம் நார்த்தங்காய் ஊறுகாய் பற்றியும் அவள் அப்பாவின் முட்டிவலி பற்றியும் பேசினோம். மின்வாரியத்தில் இவர் இன்னும் கம்பம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறாரா என்று கேட்டு, என்னைத் திட்டினாள். நான் ஏற்றிவிட்ட மாதிரி.

இன்னும் ஆறு மாதம் இருக்கிறாயா என்று அங்கே கேட்கிறார்களாம். அப்புறம் பார்க்கலாம் என்றேன். ஆம்பூர் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதுதான் லைன் சரியில்லையே.

ஜூன் 16, ஞாயிறு

முன்னாள் படைவீரர் சங்கத்தில் எனக்கு ‘வீரத்தாய்’ பட்டம். இந்த வேக்காட்டில் கம்பளிச் சால்வை போர்த்தினார்கள். முதுகில் வேர்க்குரு. மாமா அரை மணி நேரம் பேசினார். வினோவை விடிகாலையில் எழுப்பி ஓடவிட்டவரே அவர்தானாம். இவர் என் காதருகே குனிந்து, சும்மா இரு என்றார். நான் வாயே திறக்கவில்லை. திறந்துவிடுவேன் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வருகிற வழியில் ஒருவர் நிறுத்தி, காங்கோ பாகிஸ்தானுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். இன்னொருத்தி, அங்கே வைரம் மலிவாமே, வரும்போது பார்த்து வாங்கிவரச் சொல்லு என்றாள். அந்த வெயிலில் நின்று எல்லோருக்கும் பதில் சொன்னேன். பெருமையாக இருக்குமே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆமாம் ஆமாம் என்று சொல்லிச் சொல்லித் தாடை வலிக்கிறது.

ஜூன் 20, வியாழன்

நாலு நாளாக அவளிடமிருந்து போன் இல்லை. அப்படி என்ன வெட்டி முறிக்கிற வேலையோ. பெற்றவளுக்கு ஒரு வார்த்தை பேச நேரமில்லை.

பரணிலிருந்த பித்தளைப் பாத்திரம் அத்தனையும் இறக்கித் தேய்த்தேன். விசேஷம் ஒன்றுமில்லை. கேபிளுக்கு ஏன் பணம் கட்டவில்லை என்று இவர் கேட்டார். டி.வி. பார்த்து என்ன ஆகப்போகிறது, செய்தியில் என்ன நல்லதா சொல்கிறான் என்றேன்.

ஜூன் 21, வெள்ளி

பேசினாள். நெட்வொர்க் இல்லையாம். குரல் கம்மியிருந்தது. சளி என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

ராஜேஸ்வரியம்மா மறுபடி வந்தார்கள். ஆடி வருவதற்குள் பூ வைத்துவிட வேண்டுமாம். ஆடி பிறந்தால் ஒரு மாதம் எதுவும் செய்ய முடியாது, அதற்குள் வேறு இடம் வந்து நிற்கும் என்று ஒரு பேச்சு வேறு. பெண்ணே ஊரில் இல்லையே, யார் தலையில் பூ வைப்பது என்றேன். வீடியோவில் கூப்பிடலாம் என்றார். அங்கே சிக்னல் நிற்காது என்று நான் அவசரமாகச் சொல்லிவிட்டேன்.

யோசனை சொன்னது முனிரத்தினம் மாமா. “பொண்ணு இல்லன்னா இன்னா? பொண்ணு படம் கீதே. அதுக்கு வச்சிடலாம்.”

நீலத் தொப்பியோடு வினோ நிற்கிற படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுவிடுவதாகத் தானே பொறுப்பேற்றுக்கொண்டார். ராஜேஸ்வரியம்மாவுக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. சொந்தக்காரர்கள் பார்க்க எடுப்பாக இருக்கும் என்றார். அங்கே ஆறு பேர் இருந்தோம். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும்தான் நல்ல யோசனையாகப் பட்டது.

அவர்கள் போன பிறகு இவர் கேட்டார், வினோ ஒத்துக்கொண்டாளா என்று. ம் என்றேன். அடுப்பில் பால் இருந்தது.

ஜூலை 4, வியாழன்

அவளிடம் சொல்ல வேண்டும். இன்று மூன்று முறை பேசினாள். மூன்று முறையும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

பூ வைத்தாயிற்று. நல்லபடியாக முடிந்தது.

படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்தோம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தலையில் வைக்கக் கொண்டுவந்த மல்லிச்சரம் சட்டத்துக்கு எட்டவில்லை. உடனே யாரோ வண்டியில் போய்ப் பெரிய ரோஜா மாலை வாங்கி வந்தார்கள். ராஜேஸ்வரியம்மா கண்ணாடி மேல் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டார். முன்னால் புடவைத் தட்டு, பழத்தட்டு, தேங்காய். கற்பூரம் காட்டினார்கள். புகை பட்டு அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். முந்தானையால் துடைத்துக்கொண்டார். மாமா தன் போனில் படம் எடுத்தார். ஆடாமல் அசையாமல் நில்லுங்கள் என்று அதட்டியதில் எல்லோரும் கைகட்டி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றோம்.

அந்தப் படத்தை உடனே வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, ‘எங்கள் குலவிளக்கு’ என்று மட்டும் போட்டுக் கைகூப்பிய பொம்மை வைத்ததாகச் சொன்னார். வினோவின் போனில் மாமா நம்பர் இல்லை, நல்ல வேளை.

என் போனை அணைத்துவிட்டேன். சார்ஜ் குறைவு.

ஜூலை 8, திங்கள்

எழுதவே கை கூசுகிறது. ஆனால் எழுதிவிடுகிறேன்.

காலையில் சாமான் அறைச் சாவியோடு பள்ளிக்குப் போனேன். மைதானத்தில் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகத் தலைகுனிந்து நிற்கிறார்கள். தலைமையாசிரியர் கண்ணை மூடியிருந்தார். சத்தமே இல்லை. எந்தத் தலைவர் போனாரோ என்று நானும் பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, தலைகுனிந்து நின்றேன். இரண்டு நிமிஷம் முழுசாக நின்றேன். முடிந்ததும் பக்கத்திலிருந்த டிரில் வாத்தியாரிடம், யார் சார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போயிற்று. அழ ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஒரு கணம் எனக்கு என்ன ஆனது என்று எழுத மாட்டேன்.

பச்சையம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். ‘கண்ணு போயிட்டியே’ என்று அவள் கத்தியதும், யார் போனது என்று நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் தன் போனைக் காட்டினாள். மாலை போட்ட படம். இரண்டு விளக்கு. கைகட்டி நிற்கிற நாங்கள். கண்ணைத் துடைக்கிற ராஜேஸ்வரியம்மா. அதற்குக் கீழே யாரோ மெழுகுவத்தி ஏற்றி, ‘காங்கோ மண்ணில் உயிர் நீத்த வீரமங்கை’ என்று எழுதி, ஊர் பூராவும் அனுப்பியிருக்கிறான்.

பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபம் வந்தது. அந்த மைதானத்திலேயே, பிள்ளைகள் முன்னால், தலைமையாசிரியரை ஒரு பிடி பிடித்தேன். வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பிக் கேட்கத் தோன்றவில்லையா என்றேன். துக்க வீட்டில் போய் எப்படிம்மா கேட்பது என்றார், பாவம்.

பகலெல்லாம் ஒரே கூட்டம். முந்தின நாள் விருந்தில் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னவர்கள்கூட அழுதுகொண்டு வந்தார்கள். எந்தக் கட்சியோ, ஒருவர் காரில் மலர்வளையத்தோடு வந்து இறங்கினார். பெண் நன்றாக இருக்கிறாள் என்று இவர் சொன்னதும் அவருக்கு முகம் சப்பென்று ஆகிவிட்டது. மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று என்னிடமே கேட்டார். உங்கள் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தெருவுக்கு வினோ பேரை வைப்பது என்று அதற்குள் முடிவுகூட ஆகிவிட்டதாம். உயிரோடு இருக்கிறாள் என்றதும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. முனிரத்தினம் மாமாவைக் காலையிலிருந்து ஆளையே காணோம்.

சாயங்காலம் வினோவிடமிருந்து இவருக்குப் போன் வந்தது. இவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டினார்.

“அம்மா, நான் செத்துட்டேனாமே.”

கூட இருக்கிற தென்காசிப் பெண்ணுக்கு யாரோ அனுப்பி, அவள் அலறிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறாள். மேலதிகாரி வரைக்கும் போய்விட்டதாம். நான் மாமாவைத் திட்டினேன், தலைமையாசிரியரைத் திட்டினேன், மெழுகுவத்தி ஏற்றியவனைத் திட்டினேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“சரிம்மா. அந்தத் தட்டுல இருக்கற புடவை யாருக்கு?”

லைன் கட் ஆகிவிட்டது. சிவப்புப் பொத்தானில் என் விரல் பட்டுவிட்டது போலிருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

வினோ நாலு முறை கூப்பிட்டாள். சமையல் வேலை. எடுக்க முடியவில்லை.

ஜூலை 10, புதன்

பச்சையம்மாதான் சமைக்கிறாள், உனக்கு என்ன சமையல் வேலை என்று இவர் கேட்டார். சாதாரணமாக என்னிடம் இப்படியெல்லாம் கேட்கிற மனுஷன் இல்லை.

அப்புறம் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், “கலா, நீ அவளக் கேக்கவே இல்லையா?” என்றார்.

அவளுக்கு நல்லது எது என்று எனக்குத் தெரியாதா, உங்களை மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு காரியம் நடக்குமா, ஆம்பூர் மாதிரி இடம் இனிக் கிடைக்குமா என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். வினோ ஒத்துக்கொண்டாள் என்று நான் சொன்னதை நம்பித்தான் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றதாக மட்டும் அவர் சொன்னார்.

ராஜேஸ்வரியம்மா போன் செய்தார். இப்படி அபசகுனம் ஆகிவிட்டதே என்று வீட்டுப் பெரியவர்கள் யோசிக்கிறார்களாம். ஆனாலும் பெண்ணின் பெருமைக்காக விட்டுக்கொடுக்கிறார்களாம். ஒரு பரிகாரம் செய்துவிட்டு, இந்த மாதமே வினோ வேலையை விட எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். மிலிட்டரி மருமகள்தான் வேண்டும், மிலிட்டரியில் இருக்கக் கூடாது. கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. ஒரு மாதமாக நானும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆம்பூர் போய் வந்தேன். தனியாகத்தான். புடவைத் தட்டையும் அவர்கள் வைத்த எல்லாவற்றையும் துணிப்பையில் கட்டி எடுத்துப் போனேன்.

ராஜேஸ்வரியம்மா முதலில் பரிகாரச் சாமான் என்று நினைத்துவிட்டார். என் பெண்ணுக்கு இந்த விஷயமே தெரியாது, நான்தான் பொய் சொன்னேன் என்று கூடத்தில் நின்று சொன்னேன். உட்காரக்கூட இல்லை. அந்த அம்மா பேசியதில் பாதி நியாயம், பாதி அநியாயம். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். தெருவில் தான் எப்படித் தலைகாட்டுவது என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் என்றேன். ஹேமநாதன் மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தான். பெண்ணுக்குத் தெரியாது என்று எனக்கும் தெரியாது ஆன்ட்டி, வினோதினியிடம் சாரி சொல்லிவிடுங்கள் என்றான். நல்ல பையன். அதை நினைத்தால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

வினோ இரண்டு நாளாகக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பேசினாள்.

மூன்று மணி இருக்கும், புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். கை கழுவாமலே போனை எடுத்தேன். ஆம்பூர் போய் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அப்பா சொன்னார் என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

“கையெழுத்து போட்டுட்டேம்மா. இன்னும் ஆறு மாசம். உன்கிட்ட கேக்கல, சொல்றேன். நீயும் என்னைக் கேக்கலையே.”

திருப்பிச் சொல்ல என்னிடம் எத்தனையோ இருந்தன. ஒரு மாதமாகச் சேர்த்து வைத்தவை. பெற்றவள் என்பதில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக நாக்கு நுனி வரைக்கும் வந்தன. அதற்குள் அவளே, பெருமையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே, எல்லோரும் சொல்லிச் சொல்லிக் காது புளித்துவிட்டது என்றாள்.

“பெருமையெல்லாம் இல்லடி. பயமா இருக்கு. நீ போன நாள்லருந்து பயம். ஆம்பூர்ல இருந்தா பஸ் ஏறி வந்து பாத்துடலாம்னுதான் எல்லாம் பண்ணேன்.”

சொல்லி முடித்த பிறகுதான், இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை என்பது தெரிந்தது. இவரிடம்கூட. இந்த டைரியில்கூட.

அந்தப் பக்கம் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது.

“எனக்கும்தாம்மா” என்றாள்.

பிறகு சொல்ல ஆரம்பித்தாள். போன மாதம் நெட்வொர்க் இல்லை என்றாளே, அது நெட்வொர்க் கோளாறே இல்லை. என்ன நடந்தது, எங்கே பதுங்கியிருந்தார்கள், அவளிடம் வாராவாரம் பேச வருகிற ஒரு பெண் அதற்குப் பிறகு ஏன் வரவில்லை, எல்லாம் சொன்னாள். அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது என்னிடம் சொன்னது. கூட இருப்பவர்களிடம் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்களாம். ஊருக்குச் சொல்லலாம் என்றால் ஊரில் அவள் சிங்கத்தின் பக்கத்தில் நிற்கிறாளாம். பேனரை அவளும் பார்த்துவிட்டாள்.

இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அந்த ஊர்ப் பெண்கள் அவளிடம் வாய் திறக்கவே நாலு மாதம் ஆனதாம். இப்போது வந்துவிட்டால் அடுத்து வருகிறவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவரைக்கும் அவர்கள் யாரிடம் சொல்வார்கள் என்றாள். நியாயம்தான். இருந்தாலும் கோபம் போகவில்லை. கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அழுதேன். அவளும் அழுதாள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் அழுது நான் கேட்டதில்லை. இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டார்.

வைப்பதற்கு முன்னால், இனிமேல் சளி, நெட்வொர்க் என்று கதை சொல்லாதே, பயமாக இருக்கிற நாளில் எனக்கு போன் செய்து பயமாக இருக்கிறது என்று சொல்லு என்றேன்.

“அப்படின்னா தினமும் பண்ணணுமேம்மா” என்றாள்.

பண்ணு என்றேன்.